மூன்று முறை வேண்டாம்

ரஷ்த், ஈரான்,
பஹ்மன் மாதம் 12

அன்புள்ள பெஹ்ரூஸுக்கு,

உங்கள் நலத்துக்கு இறைவனை வேண்டிக்கொண்டு ஃபரங்கீஸ் எழுதுவது. வீட்டு விஷயத்தைப் போனில் பேசாதே, யாராவது கேட்பார்கள் என்று சொன்னீர்களே, அதனால் வியன்னா திரும்பும் உங்கள் அலுவலக நண்பரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டிவியில் உங்களைப் பார்த்தோம். அணுப் பேச்சுவார்த்தை மேசையில் அமைச்சர் காதருகே குனிந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தீர்கள். யுரேனியம் செறிவூட்டும் இயந்திரம் எத்தனை சுழலலாம் என்பதில் மறுபடி இழுபறியாமே. யல்தா, "அப்பா இளைச்சுட்டாரும்மா" என்றாள். யார் யாரைச் சொல்வது! அவள் கால்தான் வீங்கியிருக்கிறது. மாதாமாதம் ஏற்றும் இரத்தத்தின் இரும்பு இதயத்தில் படிந்துவிட்டதாம். அதை வெளியேற்றும் மருந்து ஐந்து வாரமாக இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் சண்டை போட்டேன். "மருந்துக்கு அமெரிக்காக்காரன் தடையே இல்லம்மா, காகிதத்துல தெளிவாத்தான் இருக்கு. நம்ம பணத்தை வாங்கிக்கத்தான் வெளிநாட்டுல எந்த வங்கிக்கும் தைரியமில்ல" என்றார். என்ன கண்றாவித் தடையோ!

இனி எழுதுவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு ஒரே ஒரு பெட்டி வந்தது. நானும் லாஹிஜானிலிருந்து வரும் மஹீனும் நின்றிருந்தோம். அவள் பையனுக்கும் இதே நோய். நர்ஸ், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மஹீன், "நீங்க எடுத்துக்குங்க" என்றாள். நான், "ஐயோ, முதல்ல உங்க பையனுக்கு" என்றேன். கேக் துண்டானாலும் சரி, டாக்ஸிக் கூலியானாலும் சரி, மூன்று முறை வேண்டாம் என்று சொல்லாமல் நம் ஊரில் யார் எதை வாங்கியிருக்கிறோம்? நாக்கு தானாகச் சொன்னது. மூன்றாம் முறை நான் சொன்னதும் அவள் சட்டென்று பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "உங்க கை வலிக்காம இருக்கட்டும்" என்று நன்றி சொல்லி, அழுதபடியே படியிறங்கி ஓடினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். என் நாக்கைத்தான் அறுத்துப்போட வேண்டும்.

அரசாங்கப் பையில் சொந்தச் சாமான் கொண்டுவரமாட்டேன், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றீர்கள். அந்த நேர்மையைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அந்த நாலு பேரும் நாசமாய்ப் போகட்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, வங்கிகள் மனமிறங்கி, சரக்கு வந்து சேரும்வரை இவள் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அங்கே கடையிலேயே கிடைக்குமாம். மருந்துச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு யல்தாவுக்கு மஞ்சள் கவுன் தைக்கக் கொடுத்தேன். "வளர்ற பொண்ணு, அடுத்த வருஷத்துக்கும் ஆகுற மாதிரி மடிச்சுத் தைக்கட்டுமா?" என்று தையல்காரி கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல், நாலு விரல் மடித்துத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இறைவன் உங்களைக் காக்கட்டும். பேச்சு முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, மருந்தோடு வந்துவிடுங்கள்.

உங்கள்
ஃபரங்கீஸ்