கசக்கிற மாத்திரை

ஜூன் 9, திங்கள்

விடாத சாரல். சாக்ஸ் எதுவும் காயவில்லை. குன்னூர் பஸ் லேட்.

மூட்டுவலி மருந்து ஆய்வில் முதல் மாத அளவெடுப்பு இன்று தொடங்கியது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, ஆய்வை நடத்துகிற டாக்டர் உமாவுக்கும் தெரியாது. அளவெடுக்கிற பிசியோ நான்; எனக்குத் தெரியவே கூடாது. முட்டியை மடக்கிப் பார்ப்பது, வராந்தாவில் நடக்க விடுவது, எழுதுவது. மாத்திரை பற்றி என்னிடம் பேசக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

தங்கமணி அக்கா வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். முட்டிவலியால் இப்போது நாற்றங்காலில் லேசான வேலை. உட்கார்ந்ததுமே, "ஏனுங்க தம்பி, இந்த மாத்திரை நாக்குல பட்டாலே கசக்குதுங்க. பக்கத்து லயன் வீட்டுச் செல்விக்குக் கசப்பே இல்லியாமுங்க."

டாக்டரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கசப்பதுதான் நிஜ மருந்து என்று மனசுக்குள் ஓடியது. முட்டியை மடக்கினால், அட, எவ்வளவோ தேவலை. வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லா மடங்குதுக்கா. இனி மேட்டுக்காட்டுக்கே கொழுந்து பறிக்கப் போலாம்."

"நெசமாத்தானுங்களா?" முகமெல்லாம் சிரிப்பு.

வாங்க வேண்டியது: பால், பிளேடு, வெந்தயம்.

ஜூன் 11, புதன்

வெயில் எட்டிப் பார்த்து ஓடிவிட்டது. வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக, "மாத்திரை முழுங்கச் சிரமமா இருக்குங்களா?" கசக்கிறது என்றவர்களுக்கெல்லாம் முட்டி நன்றாக மடங்குகிறது. மற்றவர்களுக்கு அப்படியே. டாக்டருக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு குறுகுறுப்பு. மத்தியானம் கேன்டீனில் இரண்டு பஜ்ஜி.

ஜூன் 17, செவ்வாய்

மழை. தங்கமணி அக்கா நம் ஆஸ்பத்திரி வார்டில். நேற்று மேட்டுக்காட்டில் முட்டி தாங்காமல், கூடையோடு சறுக்கி விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற கை.

பார்க்கப் போனேன். வாசல் வரை. தூங்குவதாக நர்ஸ் சொன்னதும் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் கூசுகிறது.

ஜூன் 18, புதன்

ஆய்வில் இருப்பவர் விழுந்ததால், டாக்டர் உமா கேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு பிசியோவை வரவழைத்து அக்காவையும் இன்னும் சிலரையும் மறுபடி அளக்கச் சொன்னார். மாலை கூப்பிட்டார்.

"ஏன் நசீர், அக்கா முட்டி முன்ன இருந்த மாதிரியேதான் இருக்குன்னு வந்த பிசியோ சொல்றாங்க. நீங்க எப்படி இவ்வளவு முன்னேற்றம் போட்டீங்க?"

சொல்லிவிட்டேன். கசப்பு, நான் விசாரித்தது, மேட்டுக்காடு, எல்லாம். திட்டவில்லை. என் எதிரிலேயே மருந்து அனுப்பியவர்களுக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மாத்திரையோட மேல்பூச்சு ரெண்டு விதமா வந்திருக்கு. கசக்குறது மருந்துலயும் உண்டு, வெறும் மாத்திரையிலயும் உண்டு. கசப்பை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அப்படியானால் இந்தக் கைகள் என்ன அளந்தன? பொய் எழுதவில்லை. நிஜமாகவே மடங்கியதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. என் அளவுகள் எல்லாம் தள்ளுபடி. இனி அந்த அறைக்குள் நான் வேண்டாம் என்றார். சரி என்றேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய்.

ஜூன் 20, வெள்ளி

பனிமூட்டம். ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக வார்டுக்கு.

அக்கா கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி" என்று நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டார். நின்றுகொண்டே சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன், என் பேச்சை நம்பித்தான் மேடேறினீங்க, மன்னிச்சிருங்க.

அக்கா இடது கையால் முட்டியைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுல இருந்து விழுந்த வரைக்கும் எனக்கு வலியே தெரியலீங்களே. அது எப்படீங்க?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இப்ப ஒருக்காப் பாருங்க. பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்க."

ஆய்வுக்காக இல்லை, அவர் கேட்டதற்காக. மெதுவாக மடக்கினேன். பாதியிலேயே பல்லைக் கடித்தார்.

"தேவலையாகல அக்கா. முன்ன மாதிரியேதான் இருக்கு."

"சரீங்க" என்று இடது கையால் சேலையை முட்டிக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார்.