முள் பூஜ்யத்தில் நின்றது

மே 4

புனித ஃப்ளோரியன் திருநாள். தீயணைப்பவர்களுக்குக் காவலர் அவர். ஆகவே எங்கள் தீவின் தன்னார்வப் படை முழுவதும் துறைமுகத்தில் நின்று ஆட்டைச் சுட்டது. ஆடு கோத்த கம்பியைச் சுற்றுவது பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டார். அதற்கு மின்சாரம் தீயணைப்பு வண்டியின் பேட்டரி சார்ஜரிலிருந்து. வண்டி நிற்கும் கொட்டகையின் சாவி என்னிடம் இருப்பதால் சார்ஜரும் என் பொறுப்பு. ஆனால் படைத் தலைவர் யெர்கோ என் அக்கா பெரினாவின் கணவர். கேட்காமலே தூக்கிக்கொண்டு போவார்.

"அத்தான், அது வண்டிக்கு வாங்கினது."

"வண்டி சும்மாதானே நிக்குது. ஆடு கருகிடும்டி."

கருகவில்லை. நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 6

சார்ஜர் கிளிப்புகளில் ஆட்டுக் கொழுப்பு. பேட்டரி முனைகளில் வெள்ளைப் பொடி. சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, வாசலின் தடவினேன். வண்டியின் ரேடியோ எந்நேரமும் ஓடுவதால் பேட்டரி தானாக இறங்கும். சார்ஜர் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது. மாட்டியதும், மின்சாரம் ஏறுவதைக் காட்டும் சார்ஜர் முள் மேலே போனது. மாலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் 11

சார்ஜரில் உறுமல் இல்லை. ப்ளக் சரி, வயர் சரி. ஃப்யூஸைக் கழற்றினால், ஃப்யூஸே இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டி வைத்திருக்கிறது, கருகி. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம்.

"ஓடிச்சா இல்லையா?" என்றார் அத்தான்.

"ஓடிச்சு. அடுத்த தடவ கொட்டகையும் சேந்து எரியும். அணைக்க நீங்கதான் வரணும்."

புது ஃப்யூஸ் போட்டேன். ஆட்டுக்கு இருக்கிற மரியாதை வண்டிக்கு இல்லை.

ஜூலை 26

அத்தானின் பேரனுக்கு ஞானஸ்நானம். மறுபடி ஆடு, மறுபடி சார்ஜர். இந்த முறை அவரே திரும்பக் கொண்டுவந்து மாட்டினாராம். "மாட்டிட்டேன், போய்ப் பாத்துக்க, அப்புறம் என்னைத் திட்டாத."

ஜூலை 27

முள் பூஜ்யத்தில். நிறைந்திருக்கிறது.

ஜூலை 30

பூஜ்யம். முள் மேலே போனதை ஒரு தரம்கூட நான் பார்க்கவில்லையே — அவ்வளவு சீக்கிரமாகவா நிறைந்தது? வெயில் தாங்கவில்லை, கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

எரிஞ்சுபோச்சு. மேட்டுல புகை தெரிஞ்சதும் எல்லாரும் ஓடி வந்தாங்க. டிரைவர் ஷீமே சாவியத் திருப்பினான் — டிக். அவ்வளவுதான். இன்னொரு தரம் திருப்பினான். அதுவும் இல்ல. கிடைச்சவங்க எல்லாரும் சேந்து சரிவு வரைக்கும் தள்ளினோம், கியர்ல போட்டுத்தான் கிளப்பினான். அதுக்குள்ள காத்து திரும்பிடுச்சு.

யாருக்கும் காயம் இல்லை. அத்தானின் ஒலிவத் தோப்பு முழுவதும் போய்விட்டது. கடைசி வரை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

ஆகஸ்ட் 3

இன்றைக்குத்தான் சார்ஜரை முன்னால் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். உறுமுகிறது. ஃப்யூஸ் சரி. கிளிப் சரி. பக்கவாட்டு ஸ்விட்ச் பன்னிரண்டு வோல்ட்டில் இருக்கிறது. வண்டிக்கு வேண்டியது இருபத்துநான்கு. ஆடு சுற்றும் மோட்டாருக்காகத் திருப்பியது இந்த முறை திரும்பி வரவே இல்லை. ஒரு சொட்டுகூட ஏறவில்லை. அதனால்தான் முள் அசையவில்லை. நிறைந்தாலும் பூஜ்யம், ஏறாவிட்டாலும் பூஜ்யம்.

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உடம்பில் இன்னும் புகை நாற்றம்.

"நான்தான் திருப்பினேன்," என்றார்.

"முள்ளப் பாத்தேன், ஸ்விட்சப் பாக்கல," என்றேன் நான்.

கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பாவமாக இருந்தது, இரண்டு பேரையும் நினைத்து.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். ஆடு உண்டு. கம்பி முனையில் அத்தான் ஒரு கைப்பிடியை வெல்டிங் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அடுப்பருகே முக்காலி போட்டு, முதலில் அவரே உட்கார்ந்து சுற்றினார்.

"சார்ஜர் கொட்டகைலதான இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்றான் ஷீமே, சும்மா வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல். யாரும் சிரிக்கவில்லை.

அத்தான் என்னைப் பார்த்தார். "டோன்கா, ஸ்விட்ச்சு?"

"இருபத்துநாலுல இருக்கு. காலைல முள்ளு ஏறினதையும் நின்னு பாத்தேன்."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுற்றினார். பேசிக்கொண்டிருந்ததில் கை நின்றுபோயிருக்கிறது. ஆடு ஒரு பக்கம் கருகிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டோம்.