இருபதுக்குப் பத்தொன்பது

ஸ்டோக் பென்னி,
டெவன்.
அக்டோபர், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் இவானும் அந்த நார்தம்பர்லண்ட் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் என் கவலை. இங்கே மழை விட்டபாடில்லை. பீன்ஸ் கொடி வேரோடு அழுகிவிட்டது. சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்று உன் அப்பா ஏணி வைத்து ஏறப் பார்த்தார். மறுநாளே அந்த ஏணியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டேன்.

ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டு ஃபோன் கூடத்தில் இருக்கிறது, உன் அப்பாவும் கூடத்திலேயே இருக்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, இவானுடைய மாமாவின் கொட்டகையை எடுத்து பீர் காய்ச்சி விற்கப் போவதாகச் சொன்னாய். “அப்பாவே பத்தொன்பது போட்டுட்டாரும்மா, இனிமே என்ன பயம்?” என்று சிரித்தாய். மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப் போகிறாயாம். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பத்தொன்பதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பட்டயம் வாங்கிய பீர் நடுவரான உன் அப்பா முகம் பார்த்து மதிப்பெண் போடுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஊரில் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்கோ தன் குஞ்சு என்றால் இரண்டு மதிப்பெண் குறைவு. ஹெதர் பூத் தேன் விட்டு நீ காய்ச்சி அனுப்பும் கறுப்பு ஏல் பீருக்கு வருஷா வருஷம் இருபதுக்குப் பத்து, பதினொன்று, ஒரே ஒரு தடவை பதின்மூன்று. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நீயும் அடுத்த வருஷம் மறுபடி அனுப்புவாய். அப்படிப்பட்டவர் கோடையில் பத்தொன்பது போட்டபோது எனக்கே ஆச்சரியம்தான். வயதாகிறது, மனசு இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் வீட்டு பீர் போட்டி நடந்தது. தேன் ஏல் பிரிவுக்கு உன் அப்பாவும் டாஃப்னி பெங்கெல்லியும் நடுவர்கள். டாஃப்னியை உனக்குத் தெரியும், உனக்குப் பல் பிடுங்கியவள். நான் வழக்கம்போல் திரைக்குப் பின்னால் பாட்டில்களைத் திறந்து, யாருடையது என்று தெரியாதபடி கூஜாவில் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஊற்றிக் கொடுப்பவர் வாய் திறக்கக் கூடாது. நடுவர்களும் அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைக்கும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நாலாவது பாட்டிலை நான் திறந்ததுமே குப்பென்று ஆஸ்பத்திரி வாடை அடித்தது. யாரோ பாட்டிலை பிளீச்சில் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள். அது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது, மூக்கு முகர்ந்த மாத்திரத்தில் பிடித்துவிடும். டாஃப்னி கோப்பையை மூக்கருகில் கொண்டுபோனதுமே முகம் சுளித்து வைத்துவிட்டாள். உன் அப்பா விளக்குக்கு நேரே தூக்கி நிறம் பார்த்தார், சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். பிறகு நிதானமாக எழுதினார். பிப்பா, அவர் முகம் சுளிக்கவே இல்லை. எனக்கு வாய் திறக்கவும் வழியில்லை.

அட்டைகளைத் திருப்பினார்கள். டாஃப்னி நாலு. உன் அப்பா பதினாறு, பக்கத்திலேயே ‘தேன் மணம் அருமை’ என்று வேறு.

இவ்வளவு வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி குடித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் போட்டியின் வழக்கம். அவர் மறுபடி முகர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தன் அட்டையில் இருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டார். டாஃப்னி நல்லவள். தன் தொண்டை சரியில்லை, இந்த மேஜையின் பீர்களை வேறு இருவரிடம் கொடுங்கள் என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, “வா கிளிஃப், வெளிய போய் காத்து வாங்கலாம். இங்க புழுங்குது” என்று உன் அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். வெளியே நல்ல மழை.

பிப்ரவரியில் படுக்கையில் தள்ளிய காய்ச்சலோடு அவர் மூக்கு போய்விட்டதாம். ரொட்டியைக் கருக்கி வைத்தாலும் முணுமுணுக்காமல் சாப்பிட்டாரே, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனுஷன் திருந்திவிட்டார் என்று நான் பூரித்துப்போயிருந்தேன். டாக்டரிடம் இந்த வாரம்தான் இழுத்துக்கொண்டு போனேன். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், கோடையில் பத்தொன்பது போட்ட உன் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நுரை நல்லா நின்னுச்சு. நிறமும் குறை சொல்ல முடியாது. வாசம்தான் ஒண்ணுமே வரல, மேவிஸ். என் மூக்குல இருக்கிற ஓட்டைக்கு அவ மார்க்கை நான் எப்படிக் குறைக்கிறது? அதான் வாசத்துக்கு முழுசாப் போட்டுட்டேன்.”

உன்னிடம் சொல்ல வாய் வரவில்லையாம். நீ வேலையை விடப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். நடுவர் பட்டயத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ எப்போதும் இரண்டு பாட்டில் அனுப்புவாயே, இரண்டாவது பாட்டில் அலமாரியில் அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு டாஃப்னி வீட்டுக்குப் போனேன். யாருடையது என்று மூச்சு விடவில்லை. கடையில் வாங்கிய இரண்டோடு சேர்த்து மூன்று கோப்பையில் ஊற்றி வைத்தேன். உன்னுடையதற்குப் பதினைந்து போட்டாள். தேன் முதலில் வந்து கடைசி வரை நிற்கிறதாம். வறுத்த தானியம் மட்டும் முடிவில் கொஞ்சம் கருகல் அடிக்கிறதாம், இன்னும் இரண்டு மாதம் ஆறப் போட்டிருக்கலாமாம். “யாரு காய்ச்சுனாலும் கை பழகின கை” என்றாள். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்கு இருமல் மருந்துபோல் இருந்தது, அதை நீ பொருட்படுத்தாதே. நான் தேநீர்க்காரி.

டாஃப்னியின் பதினைந்து, பீருக்குக் கொடுத்தது. அதை நம்பிக் கொட்டகை எடுப்பதானாலும் சரி, இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருப்பதானாலும் சரி, நீயும் இவானும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யுங்கள். அப்பாவின் பத்தொன்பதை நம்பி மட்டும் எதுவும் செய்யாதே. அது வேறு கணக்கு. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இன்னொன்று. அலமாரியில் பாட்டிலைக் காணவில்லை என்று நேற்று அவர் கண்டுபிடித்துவிட்டார். எங்கே என்று கேட்கவில்லை, மதிப்பெண் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. “தேன் வாசம் வந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். வந்தது என்றேன். “எப்படி இருந்துச்சு?” என்றார். தேன் மாதிரி இருந்தது என்றேன். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை, பிப்பா. அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே அடுத்த கோடை வரை காத்திருக்காமல் கிறிஸ்துமஸுக்கே பாட்டில் அனுப்பு. மதிப்பெண் கேட்காதே. அது எப்படி மணக்கிறது, முதலில் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்று நீயே நீளமாக எழுதிக் கூட வை. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அதிலிருந்தே அவருக்குப் புரிந்துவிடும். புரியட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படிக்கிறேன், அவர் குடிக்கட்டும்.

கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்றையும் விடாமல் எழுது, கண்ணு.

உன் அம்மா,
மேவிஸ்