நீ வெட்டித் தராத கவிதை

என் அருமைச் சூசை மச்சான்,

உனக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. இப்படியா ஒரு மனுசன் சொல்லாமல் கொள்ளாமல் போவது? நான் ஒரு கவிதை எழுதினேன், அதைக் கேட்க ஆளில்லை. உன்னைப் பற்றித்தான் எழுதினேன். உன் காதில் விழாமல் அச்சுக்குப் போன என் முதல் கவிதை அது.

நேற்று வங்காலையில் உன் முப்பத்தோராம் நாள் நினைவு. காலையில் கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் நினைவு மலர் வெளியீடு. மறிச்சுக்கட்டியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்துவிட்டேன். மலரைத் தொகுக்கும் வேலையை நம் கூட்டாளிகள் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

கனடாவிலிருந்தும் வந்தது கவிதை, பக்கத்துத் தாழ்வுபாட்டிலிருந்தும் வந்தது. ஐயோ மச்சான், நீ பார்த்திருக்க வேண்டும்! ஒருவர் உன்னைக் ‘கவிக்கடல்’ என்கிறார். இன்னொருவர் ‘நாடகச் சிங்கம்’ என்கிறார். ஒருவர் ஒரு படி மேலே போய் உன்னைச் ‘சாந்த சொரூபி’ ஆக்கிவிட்டார். நீயா சாந்த சொரூபி? வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு அதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. தாள்களை அடுக்கி வைத்தேன்.

நான் புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் கிடந்த வருசங்களில்கூட, யார் கையிலாவது கொடுத்தனுப்பும் கவிதை குறுக்குக்கோடுகளோடு உன்னிடமிருந்து திரும்பி வந்துவிடும். “காதர், இது நீ எழுதினதில்லை, உன்ர பேனை எழுதினது. வெட்டு!” எத்தனை தரம் உன்னைத் திட்டியிருப்பேன்? திட்டிக்கொண்டே வெட்டுவேன். வெட்டிய பிறகு கவிதை நன்றாகத்தான் இருக்கும். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

என் கவிதையில் அந்தச் செருப்புக் கதையை எழுதியிருந்தேன். நீ தவக்கால நாடகம் பழக்கிக்கொண்டிருந்த நேரம். யேசுவை மறுதலிக்கும் பேதுருவாக நடித்த அந்தோனி, “அந்த மனுசனை எனக்குத் தெரியாது” என்று ஏதோ கடைக்கு வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். உனக்கு ஏறிவிட்டது. “டேய், கூடத் திரிஞ்சு கூடச் சாப்பிட்ட ஆளை மறுதலிக்கிறாயடா! வாய் கூச வேண்டாமோ?” என்று செருப்பைக் கழற்றி எறிந்தாய். அது அந்தோனியில் படாமல் வெளியே சுடுமணலில் போய் விழுந்தது. பிறகு நீயே ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளிப் போய் எடுத்து வந்தாய். நடிக்க வந்தவர்களெல்லாம் உருண்டு சிரித்தார்கள், நீயும்தான்.

மலர் அச்சுக்குப் போகுமுன் உன் மூத்தவன் றெஜி போன் எடுத்தான். “மாமா, எல்லாம் சரி. அந்தச் செருப்பு எறிஞ்ச வரியளை மட்டும் எடுத்துவிடுங்கோ. அப்பாவைப் பற்றிச் சனம் என்ன நினைக்கும்?”

அந்த நாலு வரியையும் எடுத்தால் மலரில் நீ எங்கே இருக்கிறாய்? கடல் இருக்கும், சிங்கம் இருக்கும், சூசை இருக்கமாட்டான். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையோடு எப்படி மல்லுக்கட்டுவது? “ஓம் மகன்” என்றேன். எடுத்துவிட்டேன்.

மண்டபத்தில் என் முறை வந்தது. அச்சடித்தபடியே வாசித்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். வாசித்துவிட்டு இறங்கப்போகையில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மாஸ்ரர், செருப்புக் கதை எங்க? அது இல்லாமச் சூசையண்ணையோ?”

அந்தோனி! தலை முழுக்க நரைத்து, தடியோடு வந்திருந்தான். நான் றெஜியைப் பார்த்தேன். அவன் தலை குனிந்துகொண்டான். என்னால் பொறுக்க முடியவில்லை மச்சான், மனப்பாடமாகச் சொன்னேன்:

மறுதலிக்கத் தெரியாதவன்மேல்
செருப்பை எறிந்தாய்.
ஒற்றைக்காலில் மணல் சுட
நீயே போய் எடுத்து வந்தாய்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. உன் மனுசி றீற்றா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தோனி தடியை ஊன்றி எழும்பினான். “அந்த மனுசனை எனக்குத் தெரியாது!” என்றான். குரல் பாதியில் உடைந்துவிட்டது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டான்.

அன்று நீ அவனிடம் கேட்டது இதைத்தானே? “இப்ப சரியா மச்சான்?” என்று கேட்க, நீ வழக்கமாக இருக்கும் முன்வரிசை ஓரத்துக் கதிரையைப் பார்த்தேன். அதில் யாரோ ஒருவர் மலரால் விசிறிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் றீற்றா எனக்கென்று புறம்பாக மீன் குழம்பு வைத்திருந்தாள். “காதர் நானா, கவிதை நல்லாயிருந்தது” என்றாள். பூசை வைத்த சாமியாரும் நல்லாயிருந்தது என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இந்த வயதில் எனக்கு வாய்த்த தனிமை இதுதான் சூசை. நான் எழுதுவதைக் கேட்டுவிட்டுச் சண்டை பிடிக்க இனி ஒரு சீவனும் இல்லை.

பஸ் ஏறப்போன நேரம் றெஜி ஓடி வந்தான். “மாமா, அந்த நாலு வரியையும் எழுதித் தாங்கோ. மிச்சம் இருக்கிற மலர் எல்லாத்திலயும் ஒட்டப்போறன்.” பஸ்காரனைக் காக்க வைத்து எழுதிக் கொடுத்தேன். கண் கலங்கி, எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எழுதுவதை நிறுத்தமாட்டேன். ஒவ்வொன்றையும் உனக்குப் பயந்து பயந்துதான் எழுதுவேன். இனி யார் வந்து கேட்டாலும் ஒரு வரியையும் எடுக்கமாட்டேன். நீ வெட்டச் சொன்னால் மட்டும் வெட்டுகிறேன்.

சொல்லேன் மச்சான்.

உன்னோடு சண்டை முடியாத
உன் மச்சான்,
காதர்
மறிச்சுக்கட்டி