மத்தியானத்துக்கு மேல் எழுத்து வரவில்லை

என் மாப்பிள்ளைக்கு,

நீ எந்நேரமும் புகழ்ந்துகொண்டிருந்த அந்தப் பிரெஞ்சுப் படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் உன் திரைப்படச் சங்கத்தார் போட்டார்கள். உன் நினைவாக என்று பேனர் வேறு. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருக்க முடிகிற படம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. என் இடுப்பு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

செல்வியும் வந்திருந்தாள். நீ இருந்தவரை என் தங்கையை ஒரு திரையிடலுக்காவது கூட்டிவந்திருக்கிறாயா? அரியலூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வருடக்கணக்கில் என்னதான் செய்தாய் என்று பார்க்க அவளாகவே பஸ் ஏறி வந்தாள்.

நீ செய்தது இதுதான்: ஆங்கில வரிகளைப் பார்த்துப் பார்த்து, மொத்தப் படத்துக்கும் தமிழில் வசனம் தட்டி அடியில் ஓடவிடுவது. பத்திரம் எழுதுகிறவன் கை எங்கே போகும்? காதலனை விட்டுப் பிரிகிற பாரிஸ்காரி, "இனி உன்மீது எனக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது" என்கிறாள். கூடமே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுத்து நின்றுவிட்டது. அதுவரைக்கும்தான் எழுதியிருந்தாய், அதற்குள் போய்விட்டாய். அது எனக்குத் தெரியும், உன் பென் டிரைவை எடுத்துக்கொடுத்த செல்விக்குத் தெரியும். சங்கத்தார் ஒருத்தரும் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவில்லை.

படம் முடிந்தால் மைக்கில் கருத்துச் சொல்லாமல் யாரும் வெளியே போகக் கூடாது. நீ வைத்த சட்டம். முதலில் எழுந்தவர் தலைவர், என் கட்டுரையைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்த அதே ஆள்.

"பிற்பாதியில இயக்குநர் மொழியையே கழட்டி வெச்சுட்டார். அந்தத் துணிச்சல் இருக்கே..."

கைதட்டினார்கள். சிமெண்ட் ஆலை இன்ஜினியர் ஒருவர், "ஆமா சார், அதுக்கப்புறம் முகம் மட்டும்தான் பேசுது" என்றார். குரும்பலூர்க்காரர் ஒருவர்தான், "எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. நடுவுல தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தாலும் அந்தம்மா அதே சன்னல்கிட்டதான் நிக்குது" என்றார். உண்மை பேசியது அந்த ஒரு ஆள்.

மைக் என்னிடம் வந்தது. அது இயக்குநரின் துணிச்சல் இல்லை, என் மாப்பிள்ளையின் சாவு என்று ஒரே வாக்கியத்தில் அத்தனை பேரையும் தலைகுனிய வைத்திருக்கலாம். அப்படி ஒரு வாய்ப்புக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்கே தெரியும். செல்வி என்னைப் பார்த்தாள். "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அரியலூருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "அண்ணே, கடைசியில அந்தப் பொம்பள காலிக் கட்டிலப் பாத்து அவ்ளோ நேரம் பேசுச்சே, என்னதான் சொல்லுச்சு?"

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன் நான். வீட்டுக்குப் போனதும் உன் கணினியில் அந்த இடத்தை ஆங்கில வரிகளோடு போட்டுப் பார்த்துச் சொன்னேன். "நீ இல்லாம கஷ்டமா இருக்கு, உன் மேல கோபமாவும் இருக்குங்குறா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இல்லண்ணே, நீ சுருக்குற. அவரு எழுதியிருந்தா இப்படி இருக்காது."

நான் என்ன செய்வேன், மாப்பிள்ளை? அன்றிலிருந்து முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். என் தமிழில் அந்தப் பெண் பரீட்சை எழுதுகிறவளைப் போலப் பேசுகிறாள். உன்னைப் போல எழுதினால் உன்னைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது. செல்வி போன் பண்ணி, "ஆச்சாண்ணே?" என்கிறாள். அவளுக்கு வேண்டியது படம் இல்லை. அவளை வெளியே விட்டுவிட்டு அந்த அறைக்குள் நீ எதைக் கண்டாய் என்று தெரிய வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். கேட்டபோதெல்லாம் "உனக்குச் சொன்னாலும் புரியாதுடா" என்று சிரித்தாய்.

எழுதி முடித்துவிடுகிறேன். மோசமாகத்தான் வரும். அந்தப் பெண் வாயை மூடுகிற வரைக்கும் ஒரு வரியைக்கூடச் சுருக்காமல் எழுதி, செல்விக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். அவள் இல்லை என்று தலையாட்டினால் மறுபடியும் எழுதுகிறேன். படம் எனக்குப் பிடித்துவிட்டது என்று மட்டும் என்னிடமிருந்து எதிர்பார்க்காதே.

உன்மேல் கோபம் தீராத மச்சான்,
இளங்கோ