பத்து வலையும் புங்கந்தழையும்

7 ஜூலை 1984
மன்னிக்கவும். இது சருகு எடை எழுதுவதற்காக எங்கள் பேராசிரியர் ஆதிநாராயணன் சார் கொடுத்த நோட்டு. எடையெல்லாம் வலப்பக்கம். இடப்பக்கம் சும்மா கிடப்பதால் என் கதையை எழுதுகிறேன். வருட முடிவில் சாரிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குள் கிழித்துவிடலாம்.

நெல்லிவாசல்நாட்டுக் காட்டில் பத்து வலை கட்டியிருக்கிறோம். நாலு மூங்கில் கால், இடுப்பு உயரம், மேலே நைலான் வலை. பதினைந்து நாளுக்கொரு முறை ஜீப்பில் இடிபட்டு மலையேறி, விழுந்த சருகை அள்ளிப்போய், கல்லூரியில் காயவைத்து, நிறுத்து, பொடித்து, அதில் கார்பன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

"சருகு பொறுக்கவா எம்.எஸ்சி. படிச்ச?" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவளே நான் ஒருத்திதான். ஒரு வருடம்தான் தவணை, அப்புறம் கல்யாணமாம். "சரிப்பா" என்றேன்.

21 ஜூலை
மழைக்காலம். எந்த மரமும் இலையை விடுவதாக இல்லை. பத்து வலைக்கும் சேர்த்து இரண்டு பிடி. பக்கத்துக் கொல்லையில் சாமைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த மங்கம்மாள் அக்கா வந்து என் பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அவ்ளோ தூரம் வந்துட்டு இவ்ளோதானா? இத்த எடுத்துனு போயி இன்னா பண்ணுவ?"

கார்பனை எப்படிச் சொல்வது? "எருவுல சத்து இருக்குல்லங்க, அந்த மாதிரி" என்றேன்.

"ஐயோ பாவம்" என்றார். யார் பாவம் என்று தெரியவில்லை.

4 ஆகஸ்ட்
பத்து வலையும் நிறைந்து கிடக்கின்றன! சாக்கு போதவில்லை. குடையைத் தலைகீழாக விரித்து மீதியை அதில் நிரப்பினேன். நனைந்துகொண்டே இறங்கினேன்.

9 ஆகஸ்ட்
நைட்ரஜன் நூற்றுக்கு இரண்டரை. வழக்கமாக ஒன்றைத் தாண்டுவதே அபூர்வமாம். சந்தோஷம் வந்தால் சார் தன் வழுக்கையைத் தானே தட்டிக்கொள்வார். இன்று மூன்று முறை, பலாப்பழம் பழுத்ததா என்று பார்ப்பது போல.

"புங்க இலை நிறைய இருந்துச்சுங்க சார். அங்க புங்க மரமே இல்லைங்க."

"காத்தும்மா! காத்து கொண்டாந்து போடும்!"

"சரிங்க சார்."

1 செப்டம்பர்
மறுபடியும் எல்லா வலையும் நிறைந்திருந்தன. ஏழாம் வலையில் ஆட்டுப்புழுக்கை. ஆடு இடுப்பு உயரம் ஏறி வலைக்குள் நின்று — ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். வலை தாங்குமா?

டிசம்பரில் சென்னைக் கருத்தரங்கில் சார் இந்த நைட்ரஜன் கணக்கைக் கட்டுரையாகப் படிக்கிறார். என் பெயரும் வருமாம். திரௌபதி, எம்.எஸ்சி. அச்சில்! ஆட்டைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.

29 செப்டம்பர்
முதல் ஜீப்பிலேயே வந்துவிட்டேன். வலையருகே மங்கம்மாள் அக்கா, தலையில் புங்கந்தழைக் கட்டு. மூன்று வலையை நிரப்பி முடித்திருந்தார். ஒளியவில்லை. சிரித்தார்.

"வந்துட்டியா? இன்னும் ஏழு கீது, இரு."

சாக்கைக் கீழே வைத்தேன்.

"வந்தவங்க கூடைய வெறுமனே அனுப்புனா எங்க கொல்லைக்கு ஆவாதும்மா. எருவுன்னு சொன்னியே, அதான் நல்ல தழையா ஒடிச்சினு வந்தேன். அன்னிக்கி ரெண்டு கை புழுக்கையும் போட்டேன், பாத்தியா?"

போடாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ரொம்ப நன்றிங்க அக்கா" என்று வந்தது. ச்சே, இன்னா பொண்ணு நான்! மீதி ஏழு வலைக்கும் தழையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

3 அக்டோபர்
சார் அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

5 அக்டோபர்
உள்ளே போனேன். "கட்டுரைத் தலைப்பு எப்படிம்மா இருக்கு?" என்றார். நல்லாருக்குங்க சார்.

13 அக்டோபர்
சொல்லிவிட்டேன் — அக்காவிடம். ஜீப்பில் வழி முழுக்க மனப்பாடம் செய்து வந்தது.

"மரம் தானா என்னா போடுதோ அதாங்க வேணும். ஒரு இலை போட்டா ஒண்ணுதான்."

"அப்போ நான் போட்டதெல்லாம்?"

"தப்பாப் போச்சுங்க அக்கா."

அவர் முகம் சுண்டிவிட்டது. "வெறுங்கையோட போவியா? மனசு வரலியே."

மிச்சமிருந்த வலையை அவர் வீட்டு வேலியோரம் கட்டினேன். பதினோராவது. "இதுல எது வேணா போடுங்க, அந்தப் பத்த மட்டும் தொடாதீங்க." முடிச்சுப் போட்டுக் கையை எடுக்குமுன் அதில் ஐந்து சீத்தாப்பழம் வந்து விழுந்தது.

இனி பத்தும் மரத்தின் பொறுப்பு.

15 அக்டோபர்
சார், வாயால் முடியவில்லை. அதனால் நோட்டையே உங்கள் மேசைமேல் வைக்கிறேன். இடப்பக்கங்களைப் படியுங்கள். பலாப்பழப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். அதன் பின்னால் ஜூலை மாத எடை இருக்கிறது. இதுவரை உண்மையான எடை அது ஒன்றுதான். மன்னிக்கவும்.

ஆகஸ்ட், செப்டம்பரை அடித்துவிடுங்கள். டிசம்பரில் கட்டுரையைப் படிக்காதீர்கள். அச்சில் என் பெயர் வராவிட்டால் பரவாயில்லை. பரவாயில்லை என்பது பொய். ஆனாலும் படிக்காதீர்கள்.

நோட்டின் மேல் உள்ள இரண்டு சீத்தாப்பழம் பதினோராம் வலையில் விழுந்தவை. அவற்றை எரித்துக் கார்பன் பார்க்க வேண்டியதில்லை.

இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தது ஒன்று. முதலிலிருந்து அளக்க எனக்கு இன்னும் ஒரு முழு வருடம் வேண்டும், சார். அதை அப்பாவுக்கு நீங்களே ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். நானாகச் சொல்லப் போனால் "சரிப்பா" என்று திரும்பிவிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன். எழுதியிருப்பதை வாசிக்க எனக்குப் பயமில்லை.