சம்பந்தியின் மீசையும் என் பேட்டரியும்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று காலையும் கார் என்னிடம் ஏதோ சொன்னது. சீன மொழியில். குரல் என்னவோ தேன் மாதிரிதான், ஆனால் வாழ்த்துகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. "உனக்கும் அப்படியே ஆகட்டும்" என்று சொல்லி வைத்தேன். எதுவாக இருந்தாலும் கணக்கு நேராகிவிடும்.

சீனாவில் யாரோ ஓட்டிய எலெக்ட்ரிக் கார். பயாதர் வட்டாரத்தில் சுப்ஹியின் கார்க் கடையில் நின்றது, போன வாரம் எங்கள் வாசலுக்கு வந்தது. வேறு யாரிடம் வாங்க முடியும்? சுப்ஹியின் மகன் முஹன்னத்துக்குத்தான் எங்கள் மகள் சிவாரைப் பேசியிருக்கிறோம். இரு வீட்டுக்கும் சம்மதம் என்று பாத்திஹா ஓதியாகிவிட்டது. நவம்பரில் ஜாஹா. அவர்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் முறைப்படி வந்து உட்கார்ந்து பெண் கேட்க வேண்டும். அது முடியும்வரை எதுவும் உறுதியில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர் கார் விற்கும்போது எதிர்க்கடையில் போய் வாங்கினால் அம்மான் நகரம் முழுக்கப் பேசாதா?

பேட்டரியின் நலம் நூற்றுக்கு 96 என்று ஒரு சீட்டு கொடுத்தார். கையெழுத்து இல்லை. வாரண்டி உண்டா என்று கேட்டேன். மீசையைத் தொட்டார்.

"உம் சிவார், இதுதான் வாரண்டி." அவருக்கு நான் உம் சிவார், சிவாரின் அம்மா. எனக்கு அவர் அபூ முஹன்னத்.

மீசை நல்ல அடர்த்திதான். ஆனால் சாயம் பூசியது.

செப்டம்பர் 12, வெள்ளி

சுப்ஹி குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். மன்ஸஃப் கறிச்சோற்றுத் தட்டு காலியானதும் கை கழுவிவிட்டு வந்து பையிலிருந்து பளபளவென்று ஓர் அட்டையை எடுத்து வைத்தார். தங்கத் திட்டமாம். மூன்று வருட சர்வீஸுக்கு இப்போதே பணத்தைக் கட்டிவிட்டால் பிறகு கவலையே இல்லை. யாருக்குக் கவலை இல்லை என்று அட்டையில் போடவில்லை.

நான் வேதியியல் டீச்சர். அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படிக்காவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

"அபூ முஹன்னத், எஞ்சின் ஆயில் மாத்துறது ஆறு தடவைன்னு போட்டிருக்கே."

"ஆமா, ஆறு தடவை! வேற எவன் குடுப்பான்?"

"இந்தக் காருக்கு எஞ்சினே கிடையாதே."

மேசைக்கு அடியில் நாயிஃப் என் காலை மிதித்தார். என் கணவர் வங்கியில் காலமெல்லாம் வேலை பார்த்தும் ஒருவரிடமும் குரல் உயர்த்தாமல் ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் என் கால்விரல்.

சுப்ஹி அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "பெட்ரோல் கார் காலத்து அட்டை. அச்சுக்காரன் அப்படியே அடிச்சுட்டான். விடுங்க, ஆயில் மாத்தவே வேணாம்னா உங்களுக்கு லாபம்தானே?"

முஹன்னத் தலையைக் குனிந்து தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அப்பாவின் பட்டறையில் கணினி வேலையெல்லாம் அவன்தான் பார்க்கிறான். எனக்கு இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அட்டையைக் குளிர்பெட்டிமேல் வைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

"கட்டிடலாமே ஃபிர்யால், போனாப் போகுது" என்கிறார் நாயிஃப். இல்லாத எஞ்சினுக்கு இல்லாத எண்ணெய். கட்டமாட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சாக்கடலுக்குப் போனோம். போகும்போது முழுக்க இறக்கம். இறங்க இறங்க பேட்டரி ஏறுகிறது! நாயிஃப் குழந்தை மாதிரி கைதட்டினார். "பாரு, பாரு, சும்மா இருந்தே சம்பாதிக்குது! இந்த மாதிரி ஒரு கிளை மேனேஜரை நான் பாத்ததே இல்ல."

திரும்பும்போது அவ்வளவும் ஏற்றம். நாவூர் மேட்டில் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அந்தப் பெண் சீனத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். இந்த முறை அது வாழ்த்து இல்லை என்று எனக்கே புரிந்தது. சுற்றிலும் ஆட்டு மந்தை. ஆடுகள் நின்று பார்த்துவிட்டு எங்களைத் தாண்டிப் போயின.

சுப்ஹிக்குப் போன் போட்டேன்.

"மலை ஏறினா மனுஷனுக்கே மூச்சு வாங்குது, உம் சிவார். இது பாவம் மெஷின்."

அக்டோபர் 5, ஞாயிறு

பள்ளி விட்டதும் நாயிஃபையும் இழுத்துக்கொண்டு பயாதருக்கே போனேன். எட்டு வருடத்துக்கு பேட்டரி என் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தங்கத் திட்டத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

மனிதருக்கு முகம் வாடிப்போயிற்று. "நாளைக்கு உங்க பொண்ணு என் வீட்டு விளக்கு. சொந்தத்துக்குள்ள பேப்பரா?"

"நிக்காஹ்வே பேப்பர்லதானே எழுதறோம், அபூ முஹன்னத்?"

திரும்பிப் பார்த்தால் நாயிஃப் இல்லை. காரில் போய் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டார்.

கிளம்பும்போது சுப்ஹி சொன்னார்: மலை ஏறாததற்கு அப்டேட் போட்டால் சரியாகிவிடும். ஆனால் நானாக அமுக்கினால் அவர் பொறுப்பில்லை. எந்தப் பொறுப்பும் எடுக்காதவர் எதற்குப் பொறுப்பில்லை என்கிறார்?

மருந்தகத்தில் வேலை முடிந்து வந்த சிவாருக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. "யம்மா, ஜாஹா முடியற வரைக்கும் பேட்டரிங்கற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது. டிவி ரிமோட்டுக்கு வாங்கணும்னாக்கூட கைய காட்டு, நான் புரிஞ்சுக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கு அவனை அவ்வளவு பிடித்திருக்கிறது. சரி. என் வாய்க்குப் பூட்டு.

அக்டோபர் 14, செவ்வாய்

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அப்டேட் வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

அமுக்கிவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

முஹன்னத் போட்டுக் கொடுத்திருந்த அரபு எழுத்தெல்லாம் போயிற்று. திரை முழுக்கச் சீனம். அது போகட்டும், ஓட்டுநர் இருக்கையில் சூடு ஏறிக்கொண்டது, அணைக்க வழியில்லை. குளிர்நாட்டுக்கு வைத்த வசதி. ரொட்டி சுடுகிற மாதிரி என்னைச் சுட்டுப் பள்ளியில் இறக்கியது. பிரின்சிபால், "உடம்பு சரியில்லையா டீச்சர், முகமெல்லாம் சிவந்திருக்கே" என்றாள். முகம் மட்டுமா?

நாயிஃபுக்கு இடுப்புவலி குறைந்திருக்கிறதாம். சாயங்காலம் தினத்தாளை எடுத்துக்கொண்டு கீழே போய் நின்ற காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 22, புதன்

முஹன்னத் லேப்டாப்போடு வந்தான். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஒயரைச் செருகினான், எதையெதையோ திறந்தான். ஒரு பக்கத்தில் பேட்டரி படம் வந்தது. சுற்றிலும் சீன எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் எண் எந்த ஊரிலும் எண்தானே?

74. சீட்டில் 96.

அவனும் பார்த்தான். விரல் அப்படியே நின்றது. காது சிவந்தது. "காத்து வாங்கிட்டு வரேன் அத்தே" என்று இறங்கிப் போய் மாடிப்படி அடியில் யாருடனோ போன் பேசினான். வெகுநேரம். பேசிக்கொண்டே சுவரைக் காலால் தட்டினான். திரும்பி வந்து அரபு எழுத்தைக் கொண்டுவந்தான், இருக்கைச் சூட்டை அணைத்தான், லேப்டாப்பை மூடினான்.

"எல்லாம் சரியாயிடுச்சு அத்தே."

கொடுத்த தேநீரை அவன் குடிக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

பள்ளியில் ஒரு பாடமும் ஓடவில்லை. பேட்டரி போனால் போகட்டும், இரும்புச் சாமான். ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னானே? அப்பன் போனில் சொல்லிக் கொடுத்தான், பிள்ளை ஒப்பித்தான். நாளைக்கு என் மகளிடமும் இப்படித்தானே, எல்லாம் சரியாயிடுச்சு, எல்லாம் சரியாயிடுச்சு... இவனிடமா கொடுப்பது? கொடுக்கவில்லை என்றால் அவள் தாங்குவாளா? சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் நான் என்ன தாய்?

நாயிஃபிடம் சொன்னேன். எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அதில் இப்போது சூடுகூட இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மித்கால் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பட்டாளத்தில் பிரிகேடியராக இருந்தவர், இன்னும் எல்லோருக்கும் பாஷா. எல்லாவற்றையும் கேட்டு மீசையை நீவினார். (சாயம் இல்லாதது.)

"அவங்க நம்ம வீட்டுக்கு ஜாஹா வர்றதுக்கு முன்னாடி நாம அவங்க வீட்டுக்கு ஒரு ஜாஹா போவோம்."

"வழக்குத் தீர்க்க ஜாஹா போவாங்க, சரி. பேட்டரிக்கா அண்ணே?"

"ரத்தப் பகைக்கே போயிருக்கேன். பேட்டரி எம்மாத்திரம்? ஆனா ஒன்னு, அந்தப் பையன் வாயத் திறக்கறானா இல்லியான்னு பாத்துட்டு வரேன். அப்புறம் நீ முடிவு பண்ணு."

சிவாருக்குத் தெரியாது.

அக்டோபர் 31, வெள்ளி

நாயிஃப் திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

அண்ணன், நாயிஃப், இரண்டு மச்சான்மார். நால்வரும் கோட்டுப் போட்டு, அண்ணன் மேலே அபா அங்கியும் போர்த்தி. கதவைத் திறந்த சுப்ஹிக்கு முகத்தில் ரத்தம் வற்றிவிட்டதாம். உட்கார வைத்தார். காப்பி வந்தது. அண்ணன் கிண்ணத்தை வாங்கி, வாயில் வைக்காமல், மெதுவாக மேசைமேல் வைத்தார். மற்ற மூவரும் வைத்தார்கள். வந்த காரியம் நிறைவேறாமல் குடிக்கமாட்டோம் என்று அதற்குப் பொருள்.

அண்ணன் வாயைத் திறக்கும் முன்னே சுப்ஹி எழுந்துவிட்டார். "பாஷா, காப்பியக் குடிங்க! கேட்டது குடுத்தாச்சு!"

"என்ன கேக்கறோம்னு தெரிய வேணாமா?"

"எதுவா இருந்தாலும் சரி. கடையக் கேளுங்க, வீட்டக் கேளுங்க. பாத்திஹாவ மட்டும் முறிச்சுடாதீங்க. என் பையன் செத்துப்போவான்."

"பேட்டரி" என்றார் அண்ணன்.

"எது?"

"என் தங்கச்சி கார் பேட்டரி."

சுப்ஹி அண்ணன் தலையைப் பிடித்து முத்தமிட்டு உள்பக்கம் திரும்பிக் கத்தினார்: "அடியே, பேட்டரிக்குத்தான்டி வந்திருக்காங்க!" உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், தெருவில் ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டனவாம். பேட்டரிக்குக் குலவை வாங்கிய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் முஹன்னத் எழுந்து நின்றிருக்கிறான். "74தான் இருக்கு. போன வாரமே பாத்தேன். அத்தைகிட்ட மறைச்சுட்டேன். தப்பு என்னோடது."

"ஏன்டா மறைச்சே?"

"சொல்ல வேணாம்னு உத்தரவு."

"யார் உத்தரவு?"

பையன் தரையைப் பார்த்தான். எல்லோரும் சுப்ஹியைப் பார்த்தார்கள். சுப்ஹி தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ் சத்தியமா நான் இல்ல! எனக்கு இந்தக் காரை வித்தவன்தான் 96ன்னு சீட்டுக் குடுத்தான். அவனும் மீசையத் தொட்டுத்தான் சொன்னான்!"

நால்வரும் காப்பியைக் குடித்தார்கள். ஆறிப்போயிருந்ததாம்.

கேட்டு முடித்தபோது சமையலறையில் தட்டுக் கழுவும் சத்தம் நின்றிருந்தது. சிவார் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

"நான்தான்மா."

"என்னது?"

"அன்னிக்கு கீழேருந்து எனக்குத்தான் போன் பண்ணான். அத்தைகிட்ட இப்பவே சொல்லிடறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். நான்தான், ஜாஹா முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விட்டா என் மொகத்துல முழிக்காதேன்னு..." அழத் தொடங்கிவிட்டாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாளாக அந்தப் பையனை மனதுக்குள் என்னென்ன பேர் சொல்லித் திட்டினேன்! பொய் சொல்லிக் கொடுத்தது நான் பெற்றது. அவன் நாலு பெரியவர்கள் முன்னால் பழியை வாங்கிக்கொண்டான், அவள் பெயரைச் சொல்லவில்லை. உண்மையும் பேசுகிறான், என் மகள் சொன்னதையும் கேட்கிறான். இப்படி ஒரு மாப்பிள்ளை எந்தக் கடையில் கிடைப்பான்?

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். நாயிஃப் கார்ச் சாவியைத் தேடினார்.

நவம்பர் 9, ஞாயிறு

புது பேட்டரி போட்டாயிற்று. நாவூர் மேட்டில் பறந்தது. ஆடுகள் ஒதுங்கின.

நவம்பர் 14, வெள்ளி

வீடு கொள்ளாத கூட்டம். நான் உள்ளறைக் கதவிடுக்கில். அவர்கள் பக்கத்துப் பெரியவர் அழகாகப் பேசி, கிண்ணத்தைக் கீழே வைத்து, முஹன்னத்துக்குச் சிவாரைக் கேட்டார். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு விஷயம்..."

"பேட்டரி மாத்தியாச்சு பாஷா!" என்று கத்தினார் சுப்ஹி.

வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு ஒன்றும் புரியவில்லை. மீதிப்பேர் சிரித்ததில் ஒருவர் காப்பி சட்டையில் கொட்டியது. அண்ணன் மட்டும் சிரிக்காமல், "காப்பி ஆறுது, குடிங்கன்னு சொல்ல வந்தேன்" என்றார்.

குலவை போட்டேன். இது மகளுக்கு.

நவம்பர் 20, வியாழன்

சுப்ஹி தங்கத் திட்டத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு தகர டின் நிறைய, இந்த அறுவடையில் ஆட்டிய ஆலிவ் எண்ணெய். "ஆறு தடவைல ஒன்னு கழிஞ்சுது" என்று போன் செய்தார்.

அட்டையின் பின்பக்கம் அவர் கையெழுத்து: "பேட்டரிக்கு எட்டு வருடம். பையனுக்கு ஆயுள் முழுக்க. சுப்ஹி." குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்த களைப்பு இப்போதுதான் தீர்ந்திருக்கிறது. காரை இரண்டு நாளைக்கு சிவார் வாங்கிப் போயிருந்தாள். நேற்று கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று உட்காராமல் போய்விட்டாள்.

காலையில் முஹன்னத்தின் போன். குரல் கிசுகிசுப்பு.

"அத்தே, வலது பக்கப் பின்கதவப் பாருங்க. கராஜ் தூண்ல இழுத்துட்டா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. நான் சொல்லிட்டேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

போய்ப் பார்த்தேன். கைமுழம் நீளத்துக்குக் கீறல். அதன்மேல் நகச்சாயம் பூசி மறைத்திருக்கிறாள். சிவப்புக் காருக்கு ரோஜா நிறம்.

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சீனத்துப் பெண் வழக்கம்போல ஏதோ சொன்னாள். உனக்கும் அப்படியே ஆகட்டும் என்றேன்.

பேட்டரிக்கு எழுதி வாங்கினேன், பையனுக்கும் எழுதி வாங்கினேன். என் மகளுக்கு வாரண்டி உண்டா என்று மட்டும் சுப்ஹி என்னிடம் கேட்கவே இல்லை. நல்ல மனுஷன். கேட்டிருந்தால் எந்த மீசையைத் தொட்டிருப்பேன்?